பானெட்டில் நடந்த சோதனை

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எதையும் சோதிக்காமல் நம்பமாட்டேன்.

புதுக் கார் வாங்கியதும், பெயிண்டைக் காப்பாற்ற என்ன பூசலாம் என்று விசாரித்தேன். பனையோலையிலிருந்து எடுக்கிற இயற்கை மெழுகுக்குத்தான் பளபளப்பு அதிகம் என்றார் ஒரு கடைக்காரர். அடுத்த கடைக்காரரோ, "மெழுகெல்லாம் இந்த வெயிலுக்கு உருகிப் போயிடும் சார். செயற்கை சீலன்ட்தான் நிக்கும்" என்றார். இருவர் மேலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இரண்டையும் வாங்கிவந்து, பானெட்டின் நடுவில் டேப் ஒட்டி, இடப்பக்கம் மெழுகையும் வலப்பக்கம் சீலன்டையும் பூசினேன்.

சோதனையில் இருக்கும் பொருள்மேல் தூசி படக்கூடாது என்பது எங்கள் பிரிவின் விதி. எங்கள் தெருவிலோ கிரானைட் லாரிகள் ஓயாமல் போகும். அதனால் காரைக் கவர் போட்டு மூடிவிட்டு, வழக்கம்போல் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போனேன். கிருஷ்ணகிரியில் நடந்த என் மச்சினன் கல்யாணத்துக்குக்கூட, பட்டுப்புடவை கட்டிய மனைவியோடு பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போனேன்.

மூன்று மாதம் கழித்துக் கவரை எடுத்துவிட்டு, பூச்சு நிற்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் தெளித்தேன்; பூச்சு இருந்தால் தண்ணீர் ஒட்டாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடியது.

"ரெண்டுமே பாஸ்" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் கீழே கிடந்த கவரைத் தூக்கிக் காட்டினாள். அது வெளுத்து, இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது.

"மூணு மாச வெயிலையும் மழையையும் இதுதாங்க வாங்கிக்கிச்சு. பூசுறதா இருந்தா இதுக்குப் பூசுங்க."