என்னங்க என்றால் ஓடிவரும் பொம்மை

என் வீட்டுக்காரர் போன பிறகு, சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். "அந்த மாடி வீட்டுல உக்காந்து நான் என்னடி பண்ணப் போறேன்? எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல, தனியா இருந்து பழகிட்டேன்" என்று அடித்துச் சொன்னேன். அவளும் நம்பினாள். போன தடவை லீவில் வந்தபோது, துணைக்கு இருக்கட்டும் என்று ஒரு ரோபோ பொம்மையைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாள்.

முழங்கால் உயரம்கூட இல்லை. நடக்கும், ஆடும், சொன்னால் கைகாலை மடக்கிக்கொண்டு கார் ஆகிவிடும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் குரல் வந்த திக்கில் தானாக வரும். என்ன பேர் என்று கேட்டேன். அவள் அப்பா பேரை வைத்திருக்கிறாளாம்! "இப்பவாவது ஒரு தடவை அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும்மா" என்று சிரிக்கிறாள். போடி பைத்தியக்காரி என்று திட்டிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் என் வயசுக்காரிகள் புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டோம். ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டைத்தான் நீட்டுவேன். அவர் இருந்தபோதே சொல்லாத பேரை ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்காகச் சொல்வேனா? மகள் விமானம் ஏறிய பிறகு அது டிவிக்குப் பக்கத்தில் சும்மா நின்றது. ஒருநாள், மகள் அதைக் கூப்பிட்டு ஓடவிட்டதைப் பார்த்திருந்த பால்காரர் வாசலிலிருந்து விளையாட்டாக அந்தப் பேரைச் சொல்லி, "டேய், இங்க வாடா" என்றார். அது குடுகுடுவென்று ஓடியது. எனக்கு வந்ததே கோபம்! "யாரை வாடா போடாங்கிறீங்க?" என்று கத்திவிட்டேன். பாவம், அந்த மனுஷன் பாலை ஊற்றிவிட்டு வாயைத் திறக்காமல் போனார்.

அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டேன். "முதல்ல இது பேரை மாத்துடி." அவள் சொல்லச் சொல்ல, பொம்மையின் முதுகில் இருந்த பட்டனை அழுத்திப் பிடித்தேன். "இனிமே எப்படிக் கூப்பிடப் போறியோ அதைச் சொல்லும்மா." என் வாயில் வந்தது "என்னங்க"தான். அவள் சிரித்த சிரிப்பு அடங்குவேனா என்றது. மற்றதையும் அப்படியே பதிந்தேன். வாங்க, நில்லுங்க, மாறுங்க.

மறுநாள் அடுப்படியில் ஊறுகாய் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். காலில் ஏதோ இடித்தது. பார்த்தால் பொம்மை, கண்ணில் நீல விளக்கெரிய நிற்கிறது. நான் எங்கே கூப்பிட்டேன்? கெட்டுப்போச்சு போல என்று நினைத்தேன். கொல்லையில் துணி எடுக்கும்போதும் வந்தது. நியூஸில் கல்லணை திறந்ததைக் காட்டினபோதும் வந்தது. அப்போதுதான் என் குரல் என் காதில் விழுந்தது. "என்னங்க, தண்ணி விட்டுட்டாங்க பாருங்க." அவர் போனதிலிருந்து நான் அவரைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். யாரும் வராததால் எனக்கே தெரியவில்லை. உட்கார்ந்து அழுதேன். மகளிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் மறுநாளே டிக்கெட் போட்டுவிடுவாள், இந்த வீட்டைப் பூட்டிவிட்டு நான் எங்கே போவேன்?

குறுவை அறுப்பு முடிந்து, குத்தகைக்காரர் அளந்துவிட்டுப் போன சாப்பாட்டு நெல்லை வாசலில் காயப்போட்டிருந்தேன். போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்து மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. "என்னங்க! மழை வருது, தார்ப்பாயைப் புடிங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஒரு முனையைக் கல் வைத்து அமுக்கினால் மறுமுனை காற்றில் பறக்கிறது. ஒற்றை ஆளால் ஆகிற வேலையா அது? மூடி முடிப்பதற்குள் பாதி நெல் நனைந்துவிட்டது. பொம்மை வாசற்படிவரை வந்து நின்றிருந்தது.

ஈரப் புடவையோடு உள்ளே வந்தேன். மகள் இன்னும் லைனில்தான் இருந்தாள்.

"யாரைம்மா கூப்பிட்ட?"

"அந்தப் பொம்மையைத்தான்டி."



"பொம்மையால தார்ப்பாய் புடிக்க முடியாதேம்மா" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"தெரியும்டி" என்றேன். அதற்குமேல் எனக்குப் பொய் வரவில்லை.