தை மாதப் பனியில் மாப்பிள்ளைக் கார்

ஜெர்மனியில் தை மாதம் பார்த்துக் கல்யாணம் வைக்க எங்கள் ஆட்களால்தான் முடியும். ஐயர் குறித்துக் கொடுத்த நல்ல நாள் யாழ்ப்பாணத்து வெயிலுக்குப் பொருத்தமானது. பான் நகரத்தில் அன்று கணுக்கால் புதையப் பனி கிடந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மாப்பிள்ளை, அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். அவனுடைய ஒரே ஆடம்பரம் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மண்டபத்துக்கு அதில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன் இருக்கவேண்டும்; ஓட்டவும் ஒருவர் வேண்டும்; காரிலோ இரண்டே இருக்கைகள். மருந்துக்கடைகளுக்கு வான் ஓட்டிக்கொண்டிருந்த என்னையே தோழனாகவும் ஆக்கிப் பிரச்சினையை முடித்தார்கள்.

நான் நிபந்தனை போட்டேன். பளபளக்கும் அகலச் சில்லுகளைக் கழற்றிவிட்டு, பனிக்கால டயர் பூட்டிய சாதாரணச் சில்லுகளை மாட்டவேண்டும். அந்தக் காரை ஓடவைப்பது பின்சில்லுகள்தான். பின்பக்கம் பாரமில்லாவிட்டால் பனியில் வால் ஒரு பக்கம் இழுக்கும். ஆகவே கல்யாணச் சமையலுக்கு வாங்கிய அரிசி மூட்டைகளில் இரண்டைப் பின்னால் ஏற்றினேன். மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கூரை தாழ்வாக இருந்ததால் அவன் தலைப்பாகை இடித்துக் கழுத்தும் சாய்ந்துபோயிற்று. தோழனுக்கென்று கட்டிவிட்ட என் தலைப்பாகையைக் கழற்றி அவன் மடியில் வைத்தேன்.

எங்கள் கல்யாணங்களில் ஐயரைவிட அதிகாரம் வீடியோக்காரருக்குத்தான். அன்று அவர் முன்னால் போன வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, கால்களை வெளியே தொங்கப்போட்டபடி எங்களைப் படம் பிடித்துக்கொண்டு வந்தார். நான் வேண்டுமென்றே நன்றாகப் பின்தங்கி, இரண்டாவது கியரில் உருட்டிக்கொண்டு போனேன்.

"அண்ணை, கிட்ட வாங்கோ! மாப்பிள்ளையின்ரை முகம் தெரியேல்லை!" என்று கத்தினார்.

மாப்பிள்ளையும் தொடங்கிவிட்டான். "கிட்டப் போடா மச்சான். அம்மா பாக்கவேணும்."

அந்த வீடியோக் கசெற் யாழ்ப்பாணத்தில் இருந்த அவன் தாய்க்காக எடுக்கப்பட்டது. மீசை அரும்புவதற்கு முதலே வீட்டைவிட்டு வெளிக்கிட்டவன் அவன். கடிதங்களே ஒழுங்காகப் போய்ச் சேராத காலம். அனுப்பிய படங்களில் ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. கரண்டும் இல்லாத ஊரில் யாரோ ஒருவருடைய ஜெனரேட்டரில்தான் மகனை அவர் பார்க்கவேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் "ஏலாது" என்றேன்.

இறக்கத்தில் முன்வண்டி திடீரென்று வேகத்தைக் குறைத்தது. நான் கிட்டப் போகாததால் அவர்கள் என்னிடம் வருகிறார்களாம். பிரேக்கில் கால் வைத்தால் வழுக்கிக்கொண்டு அந்த மனிதனின் கால்களில்தான் போய் நிற்போம். காலை எல்லாவற்றிலிருந்தும் எடுத்தேன். வால் மெல்ல இழுத்தது. அது இழுத்த பக்கமே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பி, வீதியோரம் குவிந்து கிடந்த பனிக்குள் காரை விட்டேன். முன்சில்லு புதைந்து நின்றது. வீடியோக்காரர் கமராவை இறக்கிவிட்டு, முதல் தடவையாகக் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவரைத் திட்டவேண்டிய அளவு திட்டினேன். பிறகு, "மாப்பிள்ளை இறங்கி நடக்கட்டும், நிண்டு எடுங்கோ" என்றேன்.

மாப்பிள்ளை பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பனியில் கால் புதையப் புதைய கமராவை நோக்கி நடந்தான். குளிரில் பல் அடித்தது. இது என்ன கோலம் என்று என்னை முறைத்தான். முகூர்த்தம் தவறாமல் போய்ச் சேர்ந்தோம்.

கசெற் ஊருக்குப் போய்ச் சேர மாதக்கணக்கானது. அதன் பிறகு அவன் தாய் கொழும்புக்கு வந்து எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். நானும் ரிசீவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, காருக்குள்ளை இருந்தது ஆரெண்டு எனக்கு விளங்கேல்லை. மணவறையிலை முகத்தைக் கிட்டக் காட்டினவை, அப்பவும் நீயெண்டு மட்டுக்கட்ட ஏலேல்லை. பெத்தவள் நான், எனக்கு ஏலேல்லை. பிறகு திருப்பிப் போட்டுப் பாத்தம். நீ பனிக்குள்ளை இறங்கி நடந்தாய். கொப்பற்ரை நடை, அச்சொட்டா உன்ரை அப்பாதான். அது நீதானே தம்பி?"

அவன் ரிசீவரை என் பக்கம் நீட்டினான். நான் வாங்கினேன்.

"ஓம் அம்மா," என்றேன். "அது அவன்தான்."