அக்காவின் கணக்கை முடக்கிய மிஷின்

எங்கள் வங்கியில் புது மெயின்ஃபிரேம் வந்தபோது கேக் வெட்டினோம். வங்கியின் மொத்தக் கணக்கையும் சுமக்கிற பெரிய கணினி அது. அதன் புராசஸருக்குள்ளேயே செயற்கை நுண்ணறிவுக்கென்று தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். பணம் போய்ச் சேர்வதற்குள் மோசடியா இல்லையா என்று அங்கேயே முடிவு செய்துவிடும். அதைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் நானும் ஒருத்தி. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அக்கா புருஷன், என் அத்தான், இறந்த அன்று அந்தப் பெருமையில் மண் விழுந்தது.

நாங்கள் பிறந்து வளர்ந்த பத்து காவான் என்ற ஊரில் தோட்டம் இருந்த காலத்து ஆட்கள் இப்போது ஜொகூர், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வாட்ஸ்அப்பில் செய்தியோடு கணக்கு எண்ணும் வரும். வர முடியாதவர்கள் பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று பணத்தை உடனே அந்தக் கணக்கில் போட்டுவிடுவார்கள். ஜெலுத்தோங் ஃபிளாட்டில் அத்தானைக் கிடத்தியிருந்தபோது எங்கள் வங்கியிலேயே இருந்த அக்காவின் கணக்குக்கும் அப்படித்தான் பணம் வந்தது. அதிலிருந்து சவ வண்டிக்காரருக்கு அனுப்பப் போனாள். கணக்கை முடக்கிவிட்டது மிஷின். பல பேர் சின்னச் சின்னதாகப் போடுவதும், வந்த வேகத்தில் பணம் வெளியே போவதும் மோசடிக் கணக்கின் லட்சணமாம்.

அதோடு விட்டார்களா? வங்கியிலிருந்து ஃபோன். இத்தனை பேர் எதற்குப் பணம் போடுகிறார்கள், கணக்கை மோசடிக்காரர் யாருக்காவது வாடகைக்கு விட்டிருக்கிறாளா என்று கேட்டார்கள். புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு அக்கா ஒவ்வொருவருக்கும் உறவுமுறை சொன்னாள். இவன் சித்தப்பா மகன், இது தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டு அக்கா என்று. ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, உன் மிஷினா என்னைத் திருடிங்குது?"

வண்டிக்கு நான் கொடுத்தேன். முடக்க அந்த மிஷினுக்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும், திறக்க மட்டும் மனிதர்கள் கூடிப் பேச வேண்டுமாம்.

சடங்கெல்லாம் முடிந்து வேலைக்குப் போனதும் நேராக மேலாளர் அறைக்குள் நுழைந்தேன். அவரும் தமிழர்தான். சிஸ்டம் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது என்றார். அக்காவிடம் யார் மன்னிப்புக் கேட்பது என்றேன். அது வேறு டிபார்ட்மெண்ட்டாம். பிறகு சிரித்துக்கொண்டே, "நம்ம ஆளுங்க வேற எதுக்கெல்லாம் இப்படிப் போடுவாங்க? சொல்லுங்கலா, மிஷினுக்குக் கத்துக் குடுத்துடலாம்," என்றார்.

"நீங்க செத்தாலும் போடுவோம் சார்," என்றேன். "உங்க சம்சாரத்துக்கு ஃபோன் வரும். என்ன பதில் சொல்லணும்னு இப்பவே சொல்லி வைங்க."