சயாம் ரயில் விளையாட்டு

ஜப்பான்காரன் காலத்தில் எனக்குப் பதினாறு வயது. மலாயாவில், சிரம்பானுக்குத் தெற்கே, தண்டவாளத்தை ஒட்டியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுப்பது நின்றுபோய், பெண்கள் எல்லாரும் காட்டைத் திருத்தி மரவள்ளி நடப் போனார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா காய்ச்சலில் இறந்ததும், நாலாம் வகுப்புவரை படித்தவள் என்று, வேலையை மேய்த்த மண்டோர் என்னைக் கூப்பிட்டு ஆயாக் கொட்டகையில் விட்டார். பதினோரு பிள்ளைகள். அதில் ஒருத்தி அக்கா மகள், ஐந்து வயது.

அவளுடைய அப்பாவை, அதாவது என் மாமாவை, முந்தின வருடம் ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றி, இப்போது தாய்லாந்து என்கிற சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். மூன்று மாத வேலை என்றுதான் சொன்னார்கள். அந்தப் பதினோரு பிள்ளைகளில் ஏழு பேருடைய அப்பாக்கள் அதே லாரியில் ஏறினவர்கள்.

பசித்தால் பிள்ளைகள் அழும். அழுதால் அப்பா எங்கே என்று கேட்கும். இரண்டுக்கும் என்னிடம் எதுவும் இல்லை. ஒரு மழைநாளில், சமாளிக்க முடியாமல், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கச் சொன்னேன்.

"இதுதான் சயாம் ரயிலு. பொறப்படப் போவுது, ஏறுங்க."

கொட்டகையைச் சுற்றிச் சுற்றி ஓடினோம். ஒவ்வொரு தூணும் ஓர் ஊர். கோலாலம்பூர் வந்தாச்சு, சிரம்பான் வந்தாச்சு என்று கத்துவேன். கடைசித் தூண் எங்கள் தோட்டம். அங்கே ஒரு பிள்ளை அப்பாவாக இறங்கி, இலையில் மடித்த மண்ணைச் சோறு என்றும் மிட்டாய் என்றும் எல்லாருக்கும் கொடுக்கும். சப்புக்கொட்டிச் சாப்பிடுவது போல நடிப்பார்கள். அன்றைக்கு ஒருவரும் அழவில்லை. அதற்குப் பிறகு ரயில் ஓடாத நாளே கிடையாது.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "ஏன்டி புள்ளைங்களுக்கு இப்படி ஆச காட்டுற?" என்றாள்.

"வெளையாட்டுதானேக்கா. அதுங்களுக்குத் தெரியாதா?" என்றேன். அப்படித்தான் நானும் நம்பினேன்.

சில மாதம் கழித்து, பக்கத்து லயத்து வரிசைவீட்டு அண்ணன் ஒருவர் சயாமிலிருந்து தப்பி வந்து சேர்ந்தார். கால் முழுக்கப் புண். தண்ணீர்க் குழாயடியில் நின்ற அக்காவிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மழைக்காலத்துல அவருக்குப் பேதி கண்டுச்சு, தங்கச்சி. ரெண்டே நாளு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அழவில்லை.

"புள்ளைகிட்ட சொல்லணும்" என்றாள்.

"சின்னப் புள்ளக்கா. ஜப்பான் சண்ட முடியட்டும், அப்புறம் சொல்லலாம்."

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. மறுநாளும் ரயில் ஓடியது. மாமா கடைசித் தூணில் இறங்கினார். நான் கை தட்டினேன்.

அக்கா மகள் இளைத்துக்கொண்டு வந்தாள். எல்லாப் பிள்ளைகளும் எலும்பாகத்தான் இருந்தார்கள் என்பதால் நான் கவனிக்கவில்லை. ஒரு காலையில் ஓடிக்கொண்டிருந்தவள் சுருண்டு விழுந்தாள். தூக்கிக் கொண்டுபோய் மூலையில் படுக்க வைக்கச் சாக்கை இழுத்தபோது, அதன் அடியில் இலைப் பொட்டலங்கள் இருந்தன. பிரித்தேன். அவித்த மரவள்ளிக்கிழங்கு, பூஞ்சை பிடித்து, எறும்பு மொய்த்து.

"அது அப்பாவுக்கு" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "எறங்குனா பசிக்கும்ல. நாம குடுக்குறது மண்ணுதானே, சின்னம்மா."

சோறு விளையாட்டு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்பாவை மட்டும் நிஜம் என்று வைத்திருந்தாள்.

அன்று மாலை அக்கா அவளை மடியில் போட்டுக்கொண்டு சொல்லிவிட்டாள். "அப்பா செத்துட்டாரும்மா. இனிமே வரமாட்டாரு." பிள்ளை மடியிலிருந்து தலையைத் தூக்கினாள். பிறகு கேட்டாள்: "சின்னம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரயிலை நிறுத்தினேன். இனி நிஜத்தைத் தவிர எதையும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். எந்தக் கீரையைப் பறிக்கலாம், எந்தக் கிழங்கு கசந்தால் துப்ப வேண்டும், ரப்பர்க் கொட்டையை வைத்து நூறு வரை எண்ணுவது எப்படி. பிள்ளைகள் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள். மற்ற நேரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சத்தமே இல்லாத அந்தக் கொட்டகையில் இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

பத்து நாள் போயிருக்கும். உடம்பு தேறி வந்த அக்கா மகள், வாசலில் மண்ணைத் தோண்டி ஒரு குச்சியைக் கிடத்தி, மேலே இலையைப் போர்த்தினாள். மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து போய்ச் சுற்றி நின்றார்கள். நான் ஓடினேன்.

"வேணாம்மா. இது என்னா வெளையாட்டு?"

"இது குச்சிதான், சின்னம்மா. எனக்குத் தெரியும்" என்றாள். "அப்பா செத்தது நெஜம். அவருக்கு யாரும் ஒண்ணும் செய்யலல்ல?"

நாலு வயதுப் பையன் ஒருவன் தானும் ஒரு குச்சி கொண்டுவந்தான். அவள் அவன் கையைத் தடுத்தாள். "ஒங்கப்பா செத்தாருன்னு யாரும் சொல்லல. நீ வைக்கக் கூடாது."

மத்தியானம் கிழங்குக் காட்டிலிருந்து வந்த அக்கா, மண்மேட்டையும் அதன்மேல் இருந்த செம்பருத்தியையும் பார்த்து நின்றுவிட்டாள். மண்வெட்டியைக் கீழே போட்டாள். பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, செய்தி வந்த நாளிலிருந்து அழாதவள் வாய்விட்டு அழுதாள். மகள் சிரட்டையில் தண்ணீர் மொண்டுவந்து மேட்டின்மேல் ஊற்றினாள். என்னைப் போகச் சொல்லவில்லை. பக்கத்தில் வரவும் சொல்லவில்லை. நான் தள்ளியே நின்றேன்.

சண்டை முடிந்தபின் அந்த லாரியில் போனவர்களில் இன்னும் இரண்டு பேர் திரும்பினார்கள். குச்சி கொண்டுவந்த பையனின் அப்பா அதில் ஒருவர். நான் அதே கொட்டகையில் பல வருடம் ஆயாவாக இருந்தேன். பிள்ளைகளோடு விளையாடினேன், ஆனால் எந்த விளையாட்டிலும் போனவர்கள் யாரையும் திரும்பி வர வைத்ததில்லை.

அக்கா மகள் என்னிடம் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் நான் எது சொன்னாலும், மழை வரும் போலிருக்கிறது என்று சொன்னால்கூட, ஒருமுறை தன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவாள். கல்யாணமாகிக் கோலா கிளாவாங் போகும்வரை அந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை.