கனம் பார்த்து வாங்கிய பெட்டி

மாலை ஆறு மணி பதினெட்டு நிமிடம். அம்பாசமுத்திரத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, நிறுத்தத்தை ஒட்டிய மாடிச் சுவரில் மஞ்சள் துணி போர்த்திய ஒரு பலகை. அதன் கீழே தனி ஆணியில் செங்கல் அளவுக்கு ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி தொங்கியது. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. என் அக்காள் கணவர், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், தனியார் பள்ளியில் பார்த்து வந்த இயற்பியல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, அந்த மாடியை வாடகைக்குப் பிடித்துப் பிளஸ் டூ டுடோரியல் தொடங்கினார். தெருவுக்கு எதிர்த்த மாடியில் ஏற்கெனவே ஒரு டுடோரியல் இருந்தது. விக்கிரமசிங்கபுரத்து மில் குடும்பங்கள் பிள்ளைகளை அங்கேதான் சேர்த்தன. ஜூனுக்குள் அவர்களில் பாதிப் பேராவது இந்தப் பக்கம் திரும்பவில்லை என்றால் அத்தானுக்குப் பிழைப்பில்லை. பழைய பள்ளியில் அவர் இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது.

திருப்புவதற்கு அவர் கண்ட வழி வெளிச்சம். சிங்கப்பூரில் இருந்த அவருடைய தம்பி, அப்போது இங்கே யாரும் பார்த்திராத, கண் கூசும் சிவப்பு எல்.இ.டி. விளக்குகளை அனுப்பியிருந்தான். அவற்றை ஆறு ஆறாக வரிசை கட்டி, பலகையில் ஒரு பிளஸ் குறியும் ஒரு இரண்டும் அமைத்தார்கள். அதற்கு மின்சாரம் கொடுக்கும் சாதனத்தை வாங்கத் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு அத்தானோடு நானும் போனேன்.

போகிற வழியெல்லாம் பேருந்தில் எனக்குப் பாடம் நடந்தது. இது குண்டு பல்பு மாதிரி இல்லை. வோல்ட் கொஞ்சம் கூடினாலும் கரண்ட் பல மடங்கு பாயும். பாய்ந்தால் சூடாகும், சூடானால் இன்னும் இழுக்கும், கடைசியில் தானே எரிந்து போகும். ஆகவே கரண்டை ஒரே அளவில் பிடித்து வைக்கிற டிரைவர் என்ற சாதனம் வேண்டும். அருமையாகச் சொன்னார். என் நிருபர் வேலையில் அத்தனை தெளிவாகப் பேசிய ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

கடைக்காரர் இரண்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று அந்த டிரைவர், தீப்பெட்டி அளவு. மற்றது கரண்டைப் பிடித்து வைக்கத் தெரியாத வெறும் எலிமினேட்டர், செங்கல் கனம். உள்ளே டிரான்ஸ்பார்மர், மேலே பன்னிரண்டு வோல்ட், பத்து ஆம்பியர் என்று எழுதியிருந்தது. அத்தான் வலது கையில் ஒன்றும் இடது கையில் ஒன்றுமாக வைத்து மேலும் கீழும் ஆட்டினார். அந்தக் குடும்பத்தில் பித்தளைக் குத்துவிளக்கு, வெண்கலப் பானை, இட்லிக் கொப்பரை எல்லாம் இப்படித்தான் வாங்குவார்கள். வயல்கள் கைமாறி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கை மட்டும் இன்னும் எடை போட்டுக்கொண்டிருந்தது.

"தூக்கிப் பாரு மாப்ள, தக்கை. இதயா நாலு பேரு பாக்கச் செவுத்துல மாட்டுதது?"

டிரைவர் வேண்டும் என்று அவர்தானே சொன்னார் என்று கேட்டேன். அது பாடத்துக்கு என்றார். கடைக்காரர் வியாபாரி, கனமானது உழைக்கும் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுத் தீப்பெட்டியை உள்ளே எடுத்து வைத்தார்.

மாட்டிய பிறகாவது ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்று திரும்புகிற பேருந்தில் சொன்னேன். முதல் வெளிச்சம் நல்ல நேரத்தில்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். "பால் காய்ச்சுததுக்கு முந்தியே அடுப்பப் பத்தவச்சுப் பாப்பாவளாலே?"

திறப்புக்கு ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரம் ஆறு இருபது, நான் வந்து இறங்கி இரண்டே நிமிடம். துணி விலகியது, சுவிட்ச் விழுந்தது. தெருவே சிவந்தது. தென்காசி பேருந்தின் ஓட்டுநர் வண்டியை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மாடிப்படியில் நின்ற பெற்றோரைப் பார்த்து அத்தான் ஒளியின் வேகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

பேச்சு சந்திரனைத் தாண்டவில்லை, சிவப்பு ஆரஞ்சு ஆகிவிட்டது. கருகல் வாடை வந்தது. பிளஸ் குறியின் நெட்டுக் கோடு அணைந்தது. பலகை சிறிது நேரம் மைனஸ் இரண்டு என்று காட்டியது. அப்புறம் அதுவும் இல்லை. அவ்வளவு பெரிய பெட்டிக்கு அந்த விளக்குகள் ஒரு சுமையே அல்ல. சுமை இல்லாததால் பன்னிரண்டு கொடுக்கவேண்டியது பதினாறு கொடுத்திருக்கிறது. மறுநாள் மீட்டர் வைத்து அளந்து, இதையும் அத்தானே எனக்குத் தெளிவாக விளக்கினார்.

அன்றைக்கு அவர் சொன்னது வேறு. லைனில் வோல்டேஜ் கூடிவிட்டதாம். பக்கத்து டீக்கடையின் டியூப்லைட் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. மகளோடு வந்திருந்த மில் தொழிலாளி ஒருவர் அதையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். கிண்டல் இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சார், பிசிக்ஸ் நீங்கதான் எடுக்கியளா, இல்ல வேற ஆளு வருவாவளா?"

நான்தான் என்றார் அத்தான். அவர் தலையாட்டிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு பைய இறங்கிப் போனார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். எல்லோருக்கும் கேசரி கொடுத்துத்தான் அனுப்பினோம்.

ஜூலையில் அத்தான் எதிர்த்த மாடி டுடோரியலில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்தார்.