ஓட வேண்டாத டிராக்டர்

கருங்குழியில் அந்த மெக்கானிக் எந்த வண்டியைத் தொட்டாலும், முதலில் நீண்ட ஸ்குரூ டிரைவரை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியில் காதை வைத்து, உள்ளே ஓடும் சத்தத்தைக் கேட்பார். தன் பழைய டிராக்டரையும் அப்படிக் கேட்டுக் கேட்டே புதுப்பித்திருந்தார். நான் வேலை பார்க்கும் மாமல்லபுரம் ரிசார்ட்டின் வாசலில் அலங்காரமாக நிறுத்த, தொண்ணூறாயிரம் தருவதாகச் சொன்னேன்.

"இன்ஜினுக்கே ரெண்டு லட்சம் போட்டுக்கீறேன் சார்."

"இன்ஜின் ஓடவே வேணாங்க. பெயின்ட் பளபளன்னு இருந்தா போதும்."

"அத்த மொதல்லயே யாராச்சும் சொல்லியிருந்தா, ஒரு டப்பா பெயின்ட்டோட முடிச்சிருப்பேன்," என்றார். "ஏர் ஓட்டறவன் எழுவதாயிரத்துக்கு மேல கேக்கல. எடுத்துக்கோ சார்."

அவரே ஓட்டிவந்து நிறுத்தினார். விருந்தினர்கள் ஏறிப் படமெடுக்கையில் யாரும் கிளப்பிவிடக் கூடாதென்று டீசலை வடிக்கச் சொன்னேன். வடித்தார். பிறகு, நின்றுபோன இன்ஜினில் ஸ்குரூ டிரைவரை ஊன்றிக் காதை வைத்தார். அவர் நிமிரும்வரை, கையெழுத்துக்கான தாளை நீட்டியபடியே நின்றேன்.