சாய்ந்த வளையம்

பழைய லாண்ட்ரோவர் ஒன்று கராஜுக்கு வந்தால் ஹிஸ்புல்லா பொனட்டைத் திறக்க மாட்டார். சாக்கை விரித்து முதலில் அடியில் படுத்துவிடுவார். கிண்ணியாவில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. சிரிக்கட்டும். அவருக்கு இந்த ஊர் மேல் முப்பத்தைந்து வருடக் கோபம். அதற்கு முன்னால் இந்தச் சிரிப்பு எந்த மூலைக்கு?

அவருடைய நானா, மூத்த அண்ணன் அபூதாஹிர், அரிசி ஆலை முதலாளி ஒருவரின் லாண்ட்ரோவருக்கு டிரைவராக இருந்தவர். அப்போது ஊருக்குக் கடலைத் தாண்டப் பாலம் இல்லை. பாதை என்று ஊர் சொல்லும் மிதவையில் ஏற்றித்தான் வாகனத்தை அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். அலையில் வண்டி உருளாமல் இருக்க, தினம் போய்வருகிறவர்கள் சேசிக்கு அடியில் இரண்டு இரும்பு வளையம் ஒட்டிக் கயிறு போட்டுக் கட்டுவார்கள். நானாவின் வண்டிக்கு ஒட்டியது ஹிஸ்புல்லாதான். வெல்டிங் பழகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. பாதை வெளிக்கிடப்போகிறதென்று நானா ஹோர்ன் அடித்த அவசரத்தில் இடப்பக்க வளையம் சாய்ந்துபோனது. “நாளைக்குச் சரியாக்கித் தாறன்” என்றார் ஹிஸ்புல்லா.

மறுநாள் ஆலையில் வண்டி இல்லை. இரவே அக்கரையிலிருந்து திரும்பி, ஆலையில் நிறுத்திச் சாவியையும் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன் என்று நானா சத்தியம் பண்ணினார். முதலாளியோ வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் நின்று, “இவன்தான் வித்துப்போட்டான்” என்றார். ஊர் பணக்காரனின் வாயைத்தான் நம்பியது. நானாவுக்குப் பதினொரு மாதம் மறியல், சிறைக் கம்பிக்குள். வெளியே வந்தபின் ஒருவரும் அவர் கையில் ஸ்டியரிங்கைத் தரவில்லை. மீன் பெட்டி சுமந்தார். கள்ளன் என்ற பேரோடுதான் மௌத்தாகி அடக்கமானார். சித்தி பரீதா என்ற பேருடைய அவர் மனைவி கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

போன மாதம் அந்த முதலாளியின் மகன் சஜீத் ஒரு லாண்ட்ரோவரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ஜப்பான் எஞ்சின், வெட்டிய கூரை, மாற்றிய முகப்பு. வண்டிப் பதிவுப் புத்தகத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பேர் இருந்தது.

“வாப்பா நுவரெலியாவில எடுத்தது, மாமா. எங்கட ஆலை ஸ்டோர்ல உமிக்குள்ள கிடந்தது. கொழும்பில பழைய வாகனச் சங்கத்தில சேக்கோணும். இது எந்த வண்டி, எந்த வருசம் எண்டு ஒரு கடிதம் தாங்க. அடியில ரெண்டு வளையம் கிடக்கு, கொம்பனி போட்டதில்ல. அத வெட்டிருங்க.”

சஜீத் போனதும் ஹிஸ்புல்லா அடியில் படுத்தார். வலப்பக்க வளையம் நேராக இருந்தது. இடப்பக்கம் சாய்ந்திருந்தது. தன் கைப்பிழையைத் தானே தடவிப் பார்த்தார். பிறகு எழும்பிச் சேசி நம்பரைத் துடைத்தார். பழைய நம்பரை அராவிய பள்ளத்தில் புது நம்பர் குத்தியிருந்தது. கதவைச் சுரண்டினார். பச்சை, அதற்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே அந்த நாளில் ஆலை வண்டிக்கு அடித்திருந்த மஞ்சள். மூதூர், கப்பல்துறை, திரியாய் என்று கண்ட வண்டிக்கெல்லாம் அடியில் புகுந்து தேடினாரே, அது அரை மைல் தூரத்தில் உமிக்குள் கிடந்திருக்கிறது. சில்லு நான்கையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துப் பூட்டினார். மதினி சித்தி பரீதாவுக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் சஜீத் வந்தபோது சித்தி பரீதா வண்டியருகே நின்றிருந்தார்.

“நுவரெலியாவில எந்தக் கடலில, எந்தப் பாதையில ஏத்தினீங்க தம்பி, வளையம் போடுறதுக்கு?” என்று கேட்டார் ஹிஸ்புல்லா.

சஜீத் வளையத்தைக் குனிந்து பார்த்தார். சுரண்டிய மஞ்சளைப் பார்த்தார். “அந்தச் சண்டை நேரம் துவக்குக்காரங்க சுட்டுப்போடுவம் எண்டு எல்லாரிட வாகனத்தையும் பறிச்சாங்க. வாப்பா பயத்தில ஒளிச்சிருப்பார். பழைய கதை, மாமா.”

“ஒளிச்சது சரி. என்ட நானாவ எதுக்குக் கள்ளனாக்கினார்?”

ஹிஸ்புல்லா ஒரு தாளை நீட்டினார். “கேட்ட கடிதம் இந்தா இருக்கு.” அதில் இரண்டு வரிதான் இருந்தது. இந்த வண்டியை யாரும் விற்கவில்லை. அபூதாஹிர் நிறுத்திய ஆலையிலேயே இது இருந்தது.

“வாற வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு, உங்கட வாப்பா நிண்ட அதே இடத்தில நிண்டு இத வாசிங்க. அதுக்குப் பிறகுதான் சில்லு.”

சஜீத் சித்தி பரீதாவின் பக்கம் திரும்பினார். “மாமி, நீங்களாவது சொல்லுங்க.”

சித்தி பரீதா மஞ்சள் தெரிந்த இடத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

“சத்தமா வாசிங்க தம்பி. அவருக்கு இனிக் கேக்காது. ஊருக்குக் கேக்கோணும்.”